எக்கோ ரிப்போட்டின் வலது பக்கம்: நாட்பட்ட நுரையீரல் வருத்தக்காரருக்கு அதை எப்படி வாசிப்பது

ஒருவர் தன் அப்பாவின் எக்கோ ரிப்போட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். கிளிநொச்சிப் பக்கத்தில் 66 வயது அப்பா. நாற்பது வருடச் சுருட்டு. சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் ஒடுங்கும் நாட்பட்ட நுரையீரல் வருத்தம்) என்று செஸ்ட் கிளினிக்கில் கொப்பி இருக்கிறது, இரண்டு பம்ப் பாவிக்கிறார். போன மாரியில் சளி முற்றி வாட்டில் கிடந்தபோது காலும் வீங்கியிருந்ததால் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கான், எடுத்திருக்கிறார்கள். ரிப்போட்டில் உள்ளது இவ்வளவும்: ஈ.எஃப். 60 வீதம், கிரேட் 1 டயஸ்டொலிக் குறைபாடு, ஆர்.வி. பெருத்துள்ளது, மிதமான டி.ஆர்., பி.ஏ.எஸ்.பி. 49, டாப்சி 16, கடைசி வரியில் "படம் தெளிவில்லை". ஒருவர் "ஹார்ட் நல்லாயிருக்கு" என்றாராம். இன்னொருவர் "ஹார்ட் பெருத்துப் போச்சு, யாழ்ப்பாணம் கொண்டுபோய் அஞ்சியோ செய்யுங்கோ" என்றாராம் (அஞ்சியோ என்பது இதய நாடிகளுக்குள் சாயம் விட்டு எடுக்கும் படம்). எதை நம்புவது?

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஈ.எஃப். என்பது இடது கீழறை ஒரு துடிப்பில் எத்தனை வீதம் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. 60 நல்ல எண்தான். ஆனால் நுரையீரல் வருத்தத்தின் சுமை விழுவது வலது கீழறையில், அதாவது ஆர்.வி.யில். வீட்டில் கூரை ஒழுகுதா என்று கேட்டதற்குக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று பதில் சொன்ன கதைதான் இது. உங்கள் அப்பாவின் ரிப்போட்டில் கவனிக்க வேண்டிய மூன்று விஷயம்: வலது கீழறையின் அளவும் உழைப்பும், படம் எவ்வளவு தெளிவு, எந்த நிலையில் எடுத்தது. மூன்றாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

வலது பக்கத்துக்கு ஏன் சுமை? நுரையீரலில் ஒரு பகுதிக்குக் காற்று போகாவிட்டால், அங்கே இரத்தம் அனுப்பிப் பயனில்லை என்று அந்த இடத்து இரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கும். ஒரு வயலின் வரம்பு உடைந்தால் அந்த மடையைக் கட்டி அடுத்த வயலுக்குத் தண்ணீரைத் திருப்புவதுபோல, இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லா வயலிலும் மடையைக் கட்டினால் வாய்க்காலில் தண்ணீர் ஏறும். சி.ஓ.பி.டி.யில் நடப்பது அதுதான். அத்தோடு, எம்பிசீமாவில் காற்றுப்பைகள் உடையும்போது அவற்றைச் சுற்றியுள்ள நுண்குழாய்களும் அழிகின்றன. ஒட்சிசன் நெடுநாள் குறைந்தால் சிவப்பணுக்கள் கூடி இரத்தம் தடிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து நுரையீரல் நாடியில் அழுத்தத்தை ஏற்றும். மெல்லிய சுவருள்ள வலது கீழறை முதலில் தடிக்கும், பிறகு பெருக்கும், கடைசியில் தளரும்.

இனி அந்த 49. பி.ஏ.எஸ்.பி. என்பது நுரையீரல் நாடியின் உச்ச அழுத்தம். இதை எக்கோ நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. வலது பக்கத்து வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னுக்குக் கசிவதுதான் டி.ஆர். அந்தக் கசிவு பாயும் வேகத்தை டொப்ளர், அதாவது இரத்த ஓட்டத்தின் வேகத்தை ஒலியால் அளக்கும் முறை, அளக்கும். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, பிறகு நான்கால் பெருக்கி, வலது மேலறையின் அழுத்தத்தைக் கூட்டினால் பி.ஏ.எஸ்.பி. வரும். வேகம் செக்கனுக்கு 3.2 மீற்றர் என்றால் 3.2 x 3.2 = 10.24; நான்கு மடங்கு ஏறத்தாழ 41; மேலறைக்கு 8 சேர்த்தால் 49. உங்கள் ரிப்போட்டில் உள்ள எண் இப்படித்தான் வந்திருக்கும்.

இதில் பிழை எங்கே நுழையும் என்று பாருங்கள். வேகம் 0.3 மட்டும் கூடி 3.5 என்று அளந்திருந்தால் விடை 57. 0.3 குறைந்து 2.9 என்றால் 42. திரையில் அந்தக் கசிவின் கோடு தாடி மயிர்போல ஓரம் கலைந்து தெரியும்போது, அந்த மயிரின் நுனியில் புள்ளி வைத்தால் எண் கூடும். டொப்ளர் கற்றை கசிவின் திசைக்குச் சரிவாகப் போனால் எண் குறையும். வலது மேலறைக்குக் கூட்டும் 3, 8, 15 என்பதும் அனுமானம்தான். வயிற்றிலிருந்து இதயத்துக்கு வரும் பெருநாளத்தின் விட்டம் 21 மி.மீ.க்குள் இருந்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது பாதிக்குமேல் சுருங்கினால் 3. 21ஐத் தாண்டி, சுருக்கமும் குறைவென்றால் 15. இடைப்பட்டதற்கு 8. முட்டு முட்டாக மூச்சு வாங்குபவர் வயிற்றை இறுக்கி இழுக்கும்போது இந்தச் சுருக்கமே ஏமாற்றும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருந்த 374 பேரில் 44 வீதத்தினருக்குத்தான் இந்த அழுத்தத்தை எக்கோவில் கணிக்கவே முடிந்தது. கணித்தவற்றிலும் பாதிக்குச் சற்று மேலானவை, கதீற்றர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு நேராக அளந்த அழுத்தத்திலிருந்து 10 மி.மீ. பாதரசத்துக்குமேல் விலகியிருந்தன. ஆகவே 49 என்பதை "நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் எங்கோ" என்று எடுத்துக்கொள்ளுங்கள். டி.ஆர். கசிவே பிடிபடாமல் "பி.ஏ.எஸ்.பி. அளக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தால், அது அழுத்தம் இல்லை என்பதற்குச் சான்றல்ல.

அதனால்தான் இப்போதைய வழிகாட்டல்கள் பி.ஏ.எஸ்.பி.யை விட்டு, கசிவின் வேகத்தையும் பக்கச் சான்றுகளையும் பார்க்கச் சொல்கின்றன. வேகம் 2.8 வரை என்றால் நுரையீரல் அழுத்த நோய்க்கு வாய்ப்புக் குறைவு. 2.9 முதல் 3.4 வரை நடுத்தரம். 3.4க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். நடுத்தரத்தில் நிற்பவருக்குப் பக்கச் சான்றுகள் இருந்தால் அவரும் மேல் வகுப்புக்குப் போகிறார். பக்கச் சான்று எவை? வலது கீழறை அடிப்பகுதியில் இடதை விட அகலமாக இருப்பது. இரண்டு அறைக்கும் இடையிலுள்ள சுவர் இடது பக்கம் தட்டையாகத் தள்ளப்பட்டு, வட்டமாயிருக்க வேண்டிய இடது கீழறை ஆங்கில 'டி' (D) எழுத்துப்போலத் தெரிவது. நுரையீரல் நாடி 25 மி.மீ.க்கு மேல் அகன்றிருப்பது. அந்த நாடியில் இரத்தம் உச்ச வேகத்தை எட்டும் நேரம் 105 மில்லி செக்கனுக்குக் குறைவது. வலது மேலறையின் பரப்பு 18 சதுர செ.மீ.யைத் தாண்டுவது. இவற்றில் நாடியின் நேரக்கணக்குக்கு டி.ஆர். கசிவு தேவையில்லை. கசிவு பிடிபடாத நுரையீரல் நோயாளிக்கு இது பெரிய உதவி, ஆனால் அவசரத்தில் எடுக்கும் ரிப்போட்டுகளில் அநேகமாக விடுபட்டிருக்கும். அடுத்த முறை கேட்டுப் பாருங்கள்.

டாப்சி 16 என்பது, வலது கீழறை சுருங்கும்போது வால்வின் ஓரம் நுனியை நோக்கி எத்தனை மி.மீ. இறங்குகிறது என்ற அளவு. 17க்குக் கீழே என்றால் குறைவு. 16 எல்லையோரம், இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் டாப்சியை பி.ஏ.எஸ்.பி.யால் வகுத்துப் பாருங்கள்: 16ஐ 49ஆல் வகுத்தால் 0.33. 0.55க்குக் கீழ் இருந்தால் அதுவும் நுரையீரல் அழுத்த நோய்க்கு ஒரு பக்கச் சான்று. எண் குறையக் குறைய, ஏறியிருக்கும் சுமைக்கு வலது கீழறை ஈடுகொடுக்கத் திணறுகிறது என்று அர்த்தம். உங்கள் அப்பாவின் ரிப்போட்டில் எனக்குக் கனமாகப் படுவது 49 அல்ல, இந்த விகிதமும் "ஆர்.வி. பெருத்துள்ளது" என்ற சொல்லும்தான். வலது கீழறையின் சுவர்த் தடிப்பு எழுதப்படவில்லை. அது 5 மி.மீ.க்கு மேல் இருந்திருந்தால் சுமை பழையது என்று சொல்லியிருக்கலாம். சுவர் மெல்லியதாகவும் அறை மட்டும் பெருத்தும் இருந்தால் திடீர்ச் சுமை, குறிப்பாக நுரையீரலில் இரத்தக்கட்டி, என்ற சந்தேகம் வர வேண்டும்.

கிரேட் 1 டயஸ்டொலிக் குறைபாடு என்பது துடிப்புகளுக்கு இடையில் இடது கீழறை தளர்ந்து நிரம்புவது சற்று மந்தமாவது. அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அறுபது தாண்டியவர்களிடம், பிரஷர் உள்ளவர்களிடம் சாதாரணமாக வரும். நுரையீரல் ஊதியவர்களுக்கு இடது கீழறைக்கு வரும் இரத்தமே குறைவதாலும் அந்தக் கோலம் தெரியும்.

படம் ஏன் தெளிவில்லை? அல்ட்ராசவுண்டுக்குக் காற்று எதிரி. ஒலி காற்றில் பட்டவுடன் திரும்பிவிடும். சி.ஓ.பி.டி.யில் ஊதிப்போன நுரையீரல் இதயத்துக்கும் மார்புக் கூட்டுக்கும் நடுவே திரைபோல வந்து நிற்கிறது, இதயமும் கீழே இறங்கி நிமிர்ந்து தொங்குகிறது. வழமையான இடத்தில், இடது முலைக்காம்புக்குக் கீழே புரோப்பை (கையில் பிடித்து வைக்கும் ஸ்கான் முனையை) வைத்தால் வெறும் சாம்பல் புகார்தான் தெரியும். அங்கே பத்து நிமிடம் அழுத்திக்கொண்டு நிற்பதை விட, நெஞ்சுக்குழிக்குக் கீழே போய்விடுவது புத்தி. நோயாளி மல்லாந்து, முழங்கால் இரண்டையும் மடித்து, வயிற்றைத் தளர்த்திக் கிடக்க வேண்டும். புரோப்பைக் கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய்த்து இடது தோள்மூட்டை நோக்கி மெல்ல அழுத்தி, மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கச் சொன்னால், ஈரல் வழியாக இதயம் திரைக்கு வந்து நிற்கும். காற்று இல்லாத ஈரல் ஒலிக்கு நல்ல வழி. வலது கீழறையின் சுவர்த் தடிப்பு, பெருநாளம் இரண்டும் இங்கேதான் ஒழுங்காக அளக்கப்படும். மார்பு வழியாகப் பார்க்கும்போது இதற்கு நேர்மாறு: மூச்சை வெளியே விட்டுப் பிடித்தால்தான் நுரையீரல் விலகும். மல்லாந்து கிடக்க முடியாத அளவுக்குக் களைப்பவருக்குத் தலைமாட்டை 30, 45 பாகை உயர்த்திக்கொண்டே நெஞ்சுக்குழி வழியாகப் பார்க்கலாம். பழைய காசநோயால் ஒரு பக்க நுரையீரல் சுருங்கியவருக்கு இதயம் அந்தப் பக்கம் இழுபட்டிருக்கும், சில வேளை வலது மார்பிலே தேட வேண்டிவரும். ஆகவே பழைய எக்ஸ்ரே படத்தைக் கையோடு கொண்டுபோங்கள். இதைச் சொல்லாமல் போய், இருபது நிமிடம் தேடியபின் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

எக்கோவுக்கு வெறும் வயிறு தேவையில்லை. காலைப் பம்ப்பை வழமைபோல எடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோலை நெபுலைஸ் பண்ணியவுடனே (ஆவியாகப் பிடித்தவுடனே) படுக்க வேண்டாம். இதயம் ஓட்டமாய் ஓடும்போது எண்கள் குழம்பும். ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை) ரிப்போட், குளிசைப் பட்டியல் இரண்டையும் கொப்பிக்குள் வையுங்கள். உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறதே, ஸ்கான் செய்யலாமா என்று வன்னியில் அடிக்கடி கேட்பார்கள். எக்கோவுக்கு அது ஒரு தடையே இல்லை, சி.டி.க்கும் இல்லை. எம்.ஆர்.ஐ. என்றால்தான் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இனி, எடுத்த நேரம். மாரியில் சளி முற்றி, ஒட்சிசன் இறங்கிக் கிடந்தபோது எடுத்த எக்கோ இது. அந்த நிலையில் நுரையீரல் நாடியின் அழுத்தம் வழமையை விட 10, சிலருக்கு 20 கூட, ஏறி நிற்கும். வருத்தம் தணிந்தபின் இறங்கும். ஆகவே இந்த எண்ணை அவருடைய நிரந்தர எண்ணாகக் கொப்பியில் பதிய விடாதீர்கள். வீட்டுக்கு வந்து, பம்ப் ஒழுங்காகி, ஆறு எட்டு வாரம் சுகமாய் இருந்தபின் இன்னொரு எக்கோ எடுத்தால்தான் உண்மை நிலை தெரியும். அப்போதும் ஆர்.வி. பெருத்தே இருந்தால் அது நிலைத்துவிட்டது.

கால் வீக்கம் என்றதும் "வலது இதயம் தளர்ந்துவிட்டது" என்று முடிவுகட்டவும் வேண்டாம். இரத்தத்தில் காபனீரொட்சைட் தேங்கினாலே சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். இதயம் தளராமலே கால் வீங்கும். பிரஷருக்கு அம்லோடிப்பின் எடுக்கிறாரா? அதற்கும் கணுக்கால் வீங்கும். முழங்கால் நோவுக்குப் பாமசியில் வாங்கும் டைக்ளோபெனாக், மூச்சுக் களைப்புக்கு அடிக்கடி கொடுக்கும் பிரெட்னிசொலோன் இரண்டும் நீரைப் பிடிக்கும். எக்கோவில் பெருநாளம் அகன்று, சுருங்காமல் நின்றால் இதயத்தைச் சந்தேகிக்கலாம். அது ஒல்லியாய்ச் சுருங்கினால் குளிசைப் பட்டியலைத் தட்டிப் பாருங்கள். வீக்கத்துக்குக் கொடுக்கும் புரூசமைட்டையும் அளவோடு வைக்க வேண்டும். தாறுமாறாகக் கூட்டினால் வலது கீழறைக்குப் போகும் இரத்தம் குறைந்து தலைசுற்றும், சளி தடிக்கும், பொட்டாசியம் இறங்கும். சல்பியூட்டமோலும் பொட்டாசியத்தை இறக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்தால் துடிப்பு குழம்பக்கூடும். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் குளிசை எடுப்பவருக்கு இன்னும் கவனம். அதோடு சிப்ரொபுளொக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து சேர்ந்தால் தியோபிலின் அளவு இரத்தத்தில் ஏறும்.

வலது இதயத்துக்கு உண்மையான மருந்து என்ன? ஒட்சிசன், அதுவும் தேவைப்படுபவருக்கு மட்டும். 1980, 1981இல் வெளியான இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு இதில் பெரிய மாற்றம் இல்லை. சுகமாய் இருக்கும் நாளில், ஓய்வில், நாடி இரத்தத்தில் ஒட்சிசன் 55 மி.மீ.க்குள் அல்லது சற்றுரேஷன் (இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வீதம்) 88 வீதத்துக்குள் இருந்தால், நாளுக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாமல், நித்திரை உட்பட, வீட்டு ஒட்சிசன் ஆயுளைக் கூட்டும். 56 முதல் 59 வரை இருப்பவருக்கு, எக்கோவில் வலது இதயச் சுமை தெரிந்தாலோ இரத்தம் தடித்திருந்தாலோ அதே தகுதி உண்டு. எக்கோ ரிப்போட் சிகிச்சையையே மாற்றும் இடம் இதுதான். ஒரு முறை அளந்து முடிவெடுக்கக் கூடாது. மூன்று வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் கருவி கருந்தோலுக்குச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே 90, 91 என்று நின்றால் "தப்பிவிட்டோம்" என்று விடாமல், இரத்த வாயுப் பரிசோதனை செய்யலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

நுரையீரல் இரத்தக்குழாய்களை விரிக்கும் சில்டெனாபில் கொடுத்தால் அழுத்தம் இறங்குமே என்று சிலர் கேட்பார்கள். சாதாரண சி.ஓ.பி.டி.க்கு அது வழமையாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. முன்னே சொன்ன மடைகளை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிட்டால், காற்று வராத பகுதிக்கும் இரத்தம் ஓடி ஒட்சிசன் இன்னும் இறங்கலாம். சுருட்டு நிற்காமல் வேறு எதுவும் நிற்காது. அடுப்படிப் புகையும் அதே கணக்குத்தான்: ஒரு நாளும் சுருட்டுத் தொடாமல், விறகடுப்பில் முப்பது வருடம் ஊதிய அம்மாமாருக்கும் இதே வலது பக்கம் பெருக்கும்.

அம்மாமாரைச் சொன்னதால் இன்னொன்று. தொய்வு என்று வருடக்கணக்காய்ப் பம்ப் எடுப்பவர்களில் சிலருக்கு எக்கோ செய்தால், சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரியவரும். மூச்சு முட்டலும் இருமலும் அதனாலேயே. பழைய காசநோய்க்காரருக்கு இதய உறை தடித்து இறுகி, காலும் வயிறும் வீங்குவதும் உண்டு. இரண்டுக்கும் தனிச் சிகிச்சை இருக்கிறது. நுரையீரல் வருத்தக்காரருக்கு ஒரு தடவையாவது முழு எக்கோ செய்ய வேண்டும் என்பதற்கு இது மட்டுமே போதும்.

யாழ்ப்பாணம் போகத்தான் வேண்டுமா? இந்த ரிப்போட்டுக்காக மட்டும் அஞ்சியோ தேவையில்லை. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமும் நோவும் வந்தால், ஈ.சி.ஜி.யில் மாற்றம் இருந்தால், இடது கீழறையின் ஒரு பகுதி அசையவில்லை என்று எக்கோ சொன்னால் அது வேறு கதை. சுருட்டு நுரையீரலோடு இதய நாடிகளையும் சேர்த்தே கெடுக்கும். ஸ்பைரோமெட்ரி அவ்வளவு மோசமில்லாமல் பி.ஏ.எஸ்.பி. மட்டும் 70, 80 என்று ஏறி நின்றாலும் போகத்தான் வேண்டும். அந்தளவு அழுத்தத்தை மிதமான சி.ஓ.பி.டி. தனியே உண்டாக்காது, பழைய இரத்தக்கட்டியைத் தேட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இப்போதைக்குக் கிளிநொச்சியிலேயே செஸ்ட் கிளினிக்கும் இதயக் கிளினிக்கும் ஒரே கொப்பியைப் பார்த்தால் போதும். ஒரு கிளினிக்கில் எழுதிய பீற்றா புளொக்கரை (இதயத் துடிப்பைத் தணிக்கும் குளிசையை) மற்றதில் தெரியாமல் நிறுத்துவதும் மாற்றுவதும் அப்போதுதான் குறையும். பைசொப்பிரொலோல் போன்றவற்றை சி.ஓ.பி.டி.யில் பாவிக்கலாம், புரொப்பிரனலோல் போன்றவை வேண்டாம்.

வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் வந்தால் அதை அடுப்படியிலிருந்து தள்ளி வையுங்கள், அந்த அறையில் சுருட்டும் விளக்கும் கூடாது. கரண்ட் நின்றால் என்ன செய்வது என்று முன்பே கிளினிக்கில் பேசிவையுங்கள்.

மூச்சு திடீரென்று மோசமாகி, உதடு நீலம்பாரித்து, ஆள் தூங்கித் தூங்கி விழுந்தால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்: "சி.ஓ.பி.டி., வலது இதயச் சுமை, சற்றுரேஷன் இலக்கு 88 முதல் 92." 98க்கு ஏற்ற வேண்டும் என்று மாஸ்க்கில் அள்ளி ஊற்றும் ஒட்சிசனால் காபனீரொட்சைட் ஏறி ஆள் மயங்கலாம். அம்புலன்சில் வருபவருக்கு அப்பாவின் கதை தெரியாது, அந்தத் துண்டைத்தான் அவர் வாசிப்பார்.